குடல் அழற்சியின் வலிக்கு மூலிகை: எது தாங்கும், எது தாங்காது

கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் சாலையைப் பிடித்து மலையிறங்கினால் ஈப்போ நகரும் கிந்தா பள்ளத்தாக்கும் வந்துவிடும். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைக்கும் கேமரன் மலை மக்கள் பலர், தானா ராத்தா மருத்துவமனையைத் தாண்டிப் பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் இறங்கிப் போவது அங்கேதான். குடல் அழற்சி நோய் மலேசியாவில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மக்கள்தொகையோடு ஒப்பிட்டு முதன்முதலில் கணக்கெடுத்ததும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஐடா ஹில்மியும் உடன் ஆய்ந்தவர்களும் 2015இல் வெளியிட்ட அந்தக் கணக்கின்படி, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு இந்த நோய் உண்டு. இனவாரியாகப் பிரித்தபோது மலாய்க்காரரிடையேயும் சீனரிடையேயும் லட்சத்துக்கு 7 பேர். இந்தியரிடையே 25 பேர். மலேசிய இந்தியரில் பெரும்பாலோர் தமிழர் என்பதால் இது நம் வீட்டுக் கணக்கு. லட்சத்துக்கு 25 என்பது சிறிய எண்ணிக்கைதான், ஒரு சிற்றூரில் ஒருவருக்குக்கூட இல்லாமல் போகலாம். ஆனாலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய தெற்காசியர்களிடமும் 1980களிலேயே இப்படியோர் ஏற்றம் தெரிந்தது.

குடல் அழற்சி நோய் என்ற பெயரின்கீழ் முக்கியமாக இரண்டு நோய்கள் அடங்கும். பெருங்குடலின் உள்தோலில் மட்டும் புண்ணாகி ரத்தமும் சளியுமாகக் கழியச் செய்வது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கு வேண்டுமானாலும் வந்து குடற்சுவரின் முழுத் தடிப்பையும் அரிப்பது குரோன் நோய். நியூயார்க்கைச் சேர்ந்த பர்ரில் குரோனும் இரு தோழர்களும் 1932இல் விவரித்ததால் அந்தப் பெயர். இரண்டும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவதால் வருபவை. தணிவதும் மறுபடி கிளம்புவதுமாக வாழ்நாள் முழுதும் தொடர்பவை. நம்மிடையே இவற்றை முதலில் யாரும் இந்தப் பெயரால் அழைப்பதில்லை. ரத்தம் கண்டால் மூலம் என்பார்கள், இல்லையென்றால் உடம்புச் சூடு. அடிக்கடி கழிந்தால் சீதபேதி. அந்தச் சொற்களுக்கேற்ற கைவைத்தியமும் உடனே வந்துவிடும்: மாதுளம்பழத் தோல், சுட்ட வசம்பு, ஓமத் தண்ணீர், மோரில் கலக்கிய மஞ்சள். இப்போது அதற்கு மேலே ஒரு அடுக்கு சேர்ந்திருக்கிறது. குர்குமின் மாத்திரை, கற்றாழைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாரம், குங்கிலியக் குளிகை என்று மருந்துக்கடையிலும் கைப்பேசியிலும் விற்கப்படும் ஊட்டமருந்துகள். நியூட்ராசூட்டிகல் என்ற ஆங்கிலப் பெயரை 1989இல் உருவாக்கியவர் ஸ்டீபன் டிஃபெலிஸ். உணவும் மருந்தும் கலந்த அந்தப் பெயரிலேயே சிக்கலும் இருக்கிறது. உணவென்று நினைத்து உண்கிறோம்; மருந்தின் பலனை எதிர்பார்க்கிறோம்.

இந்தச் செடிகள் குடல் அழற்சியின் வயிற்று வலியைத் தணிக்குமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடைக்காததற்குக் காரணம், வலி ஒன்றல்ல என்பதுதான். புண் கனன்றுகொண்டிருக்கும்போது வரும் வலி ஒருவகை. அழற்சி அடங்கினால் அதுவும் அடங்கும். குரோன் நோயில் குடல் சுருங்கித் தழும்பாகி, உண்டது அந்த இடுக்கில் தேங்கும்போது முறுக்கிப் பிழியும் வலி வேறு. அதற்குச் சில சமயம் கத்தி வைத்தே ஆகவேண்டும். மூன்றாவது வகை விசித்திரமானது. கொலனோஸ்கோபியில் புண் ஆறியிருக்கும், ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும், வலி மட்டும் போகாது. நோய் தணிந்த நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு தொடர்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதன் உள்விவரத்தைக் கொஞ்சம் காட்டியது. இப்படிப்பட்டவர்களின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தாங்கிய நரம்பிழைகள் அங்கே வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே ஏற்பி. நெருப்பு அணைந்த பிறகும் அந்த நரம்புகள் சூட்டை மறக்கவில்லை. இந்த வலியை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கும் வைத்தியரும், இதற்கும் அழற்சி மருந்தையே கூட்டிக்கொண்டு போகும் வைத்தியரும் நோயாளியைக் கைவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு மூலிகை ஆய்வுகளைப் படித்தால் ஒரு பெரிய ஓட்டை கண்ணில் படும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் அளவுகோல், 1987இல் உருவான மேயோ மதிப்பெண். அது நான்கு விஷயங்களைக் கேட்கும்: எத்தனை முறை மலம் போகிறது, ரத்தம் எவ்வளவு, உள்நோக்கியில் குடல் எப்படித் தெரிகிறது, மருத்துவரின் மொத்த மதிப்பீடு என்ன. வயிற்று வலி அந்தப் பட்டியலிலேயே இல்லை. குரோன் நோய்க்கு 1976இல் வந்த மதிப்பெண்ணில் வலிக்கு இடமுண்டு என்றாலும் அது எட்டு அம்சங்களில் ஒன்று. ஆகவே ஒரு மூலிகை நோயைத் தணித்தது என்று ஓர் ஆய்வு சொன்னால், வலியைத் தணித்தது என்று அதற்குப் பொருளில்லை. விளம்பரக்காரர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். இந்தக் கட்டுரை எடைபோடும் ஒவ்வொரு செடியையும் இரண்டு தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்: அழற்சிக்கு என்ன செய்தது, வலிக்கு என்ன செய்தது.

மஞ்சளிலிருந்து தொடங்கலாம், இந்த வரிசையில் அதிகம் சோதிக்கப்பட்டதும் அதிகம் தேறியதும் அதுதான். ஜப்பானில் ஹானாய் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தணிந்த நிலையில் இருந்த 89 கோலைட்டிஸ் நோயாளிகள் பங்கேற்றனர். எல்லாரும் வழக்கமான சல்ஃபாசலசின் அல்லது மெசலமின் சாப்பிட்டார்கள். அதோடு ஒரு பாதிக்கு நாளுக்கு 2 கிராம் மஞ்சள் சத்தான குர்குமின், மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை. ஆறு மாதத்தில் நோய் திரும்பியது குர்குமின் உண்ட 43 பேரில் 2 பேருக்கு, மற்ற 39 பேரில் 8 பேருக்கு. 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, மெசலமின் மட்டும் போதாமல் இருந்த 50 பேரை எடுத்தது. நாளுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக்கொண்ட 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் நோய் தணிந்தது. மருந்தில்லா மாத்திரை உண்ட 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. கண்ணை விரிக்கவைக்கும் முடிவுதான். ஆனால் டில்லி எய்ம்ஸில் நாளுக்கு 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது மருந்தில்லா மாத்திரையைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. குரோன் நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு 3 கிராம் கொடுத்தும் நோய் திரும்புவதைத் தடுக்க முடியவில்லை என்று பிரான்ஸில் 2020இல் சொன்னார்கள். நான்கையும் சேர்த்து வைத்தால் கிடைக்கும் தீர்ப்பு இது: லேசான, நடுத்தரமான கோலைட்டிஸில், வழக்கமான மருந்தோடு, கிராம் கணக்கில் கொடுத்தால் குர்குமின் உதவக்கூடும். குரோன் நோய்க்கு அதே நம்பிக்கையை வைக்க இடமில்லை.

கிராம் கணக்கில் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாம் வாங்கும் மஞ்சள் தூளில் குர்குமின் வகைச் சேர்மங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு. குழம்புக்குப் போடும் அரைத் தேக்கரண்டி மஞ்சள் ஒன்றரை கிராம் என்று வைத்தால், அதில் குர்குமின் 45 மில்லிகிராம். அதையும் குடும்பமே பகிர்ந்து உண்கிறது. ஆய்வில் கொடுத்த 3 கிராமைச் சமையல் மஞ்சளால் எட்ட வேண்டுமென்றால் ஒருவர் நாளுக்கு 100 கிராம் மஞ்சள் தூளை விழுங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக மஞ்சள் உண்கிறோமே, நமக்கு எப்படி இந்த நோய் வரும் என்று கேட்பவர்களுக்குக் கிந்தா கணக்கே பதில். மூன்று இனங்களில் மஞ்சளை அன்றாடம் உண்ணும் நமக்குத்தான் எண்ணிக்கை அதிகம். பஞ்சாபில் 2003இல் வெளியான கணக்கெடுப்பில் கோலைட்டிஸ் மட்டுமே லட்சத்துக்கு 44 பேரிடம் இருந்தது. மஞ்சள் கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. உணவின் அளவு வேறு, மருந்தின் அளவு வேறு. மாத்திரையாக அந்த அளவை எட்டும்போது மருந்துக்குரிய ஆபத்தும் கூடவே வரும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் 1998இல், 20 மில்லிகிராம் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். அன்றுமுதல் அந்தக் கலவை விற்பனைத் தந்திரமாகிவிட்டது. ஆனால் கோலைட்டிஸில் புண் இருப்பது பெருங்குடலின் உள்தோலில். ரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்கிப் போவது அங்கே குறையாகாது, நன்மையாகவும் இருக்கலாம். ரத்தத்தில் ஏறினால் ஏறும் இடம் கல்லீரல். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து அண்மை ஆண்டுகளில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. மிளகுச் சத்து சேர்ந்த வகைகள் அவற்றில் அடிக்கடி தென்படுகின்றன.

நிலவேம்பின் கதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியது. மலாயில் ஹெம்பெடு பூமி என்று அழைக்கப்படும் அதே கசப்புச் செடி. அதன் சாரத்தை 224 கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு எட்டு வாரம் கொடுத்த ஆய்வு 2013இல் வந்தது. நாளுக்கு 1,800 மில்லிகிராம் உண்டவர்களில் 60 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். 1,200 உண்டவர்களில் 45 விழுக்காடு. மருந்தில்லா மாத்திரை உண்டவர்களில் 40 விழுக்காடு. நம்பிக்கையோடு அடுத்த கட்டப் பெரிய ஆய்வைத் தொடங்கி, பலன் தெரியப்போவதில்லை என்று 2014இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். குங்கிலியமும் அப்படித்தான்: 1997இல் இந்தியாவிலிருந்து வந்த சிறு ஆய்வு சல்ஃபாசலசினுக்கு நிகராக வேலை செய்தது என்றது, 2011இல் ஜெர்மனியில் குரோன் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்தபோது மருந்தில்லா மாத்திரையை அது மிஞ்சவில்லை. கற்றாழைச் சாறுக்கு ஆதரவாக இருப்பது முக்கியமாக 44 பேர் பங்கேற்ற ஒரே ஆய்வு. நிலவேம்பு ஆய்வில் வெறும் மாத்திரை உண்ட நூற்றில் நாற்பது பேர் தேறினார்கள் என்பதை மறக்கக் கூடாது. இது தானாகவே ஏறி இறங்கும் நோய். அதை உண்டேன், வலி போய்விட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு பேர்பெற்ற மூலிகைகளுக்கு நடுவே, வலி என்ற தட்டில் உண்மையாகவே எடை ஏறுவது யாரும் கொண்டாடாத இசப்கோல். நீரில் போட்டால் உப்பி வழவழப்பாகும் அந்த உமியை மலச்சிக்கலுக்கு என்று மட்டும் நினைக்கிறோம். 1991இல் சுவீடனில், கோலைட்டிஸ் தணிந்தும் வயிற்றுத் தொந்தரவு தீராத 29 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 69 விழுக்காட்டினர் இசப்கோலில் தொந்தரவு குறைந்தது என்றார்கள், மருந்தில்லாத் தூளில் அப்படிச் சொன்னவர்கள் 24 விழுக்காடு. 1999இல் ஸ்பெயினில் 105 பேரை ஓராண்டு கவனித்தபோது, நோய் திரும்பியது இசப்கோல் விதை மட்டும் உண்டவர்களில் 40 விழுக்காட்டினருக்கு, மெசலமின் உண்டவர்களில் 35, இரண்டும் சேர்த்து உண்டவர்களில் 30. பெரிய ஆய்வுகள் அல்ல; ஆனால் முதலாவது ஆய்வு மூன்றாம் வகை வலி உள்ளவர்களிடம் நேராகப் போய், உனக்குத் தொந்தரவு குறைந்ததா என்று கேட்டது. அது வேலை செய்யும் விதமும் விளங்கக்கூடியது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடலின் உள்தோல் செல்களுக்கு அதுவே முதல் உணவு. ஒரு நிபந்தனை மட்டும் உயிர்போகும் விஷயம்: குரோன் நோயால் குடல் சுருங்கியவருக்கு இசப்கோல் கொடுத்தால் அந்த இடுக்கில் உப்பி அடைத்துக்கொள்ளும். தணிந்த கோலைட்டிஸுக்கு நல்லது, சுருங்கிய குடலுக்கு ஆபத்து. வலி எந்த வகை என்று தெரியாமல் செடியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

மூன்றாம் வகை வலிக்கு, ஒன்றைச் சேர்ப்பதைவிடச் சிலவற்றை விலக்குவதும் பலன் தரும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2020இல் வெளியான ஆய்வில், வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் முதலியவற்றில் உள்ள புளித்து வாயுவாகும் சர்க்கரைகளை நான்கு வாரம் குறைத்தவர்களில் பாதிப்பேருக்குத் தொந்தரவு போதிய அளவு தணிந்தது; ஒப்பீட்டுக் குழுவில் 16 விழுக்காடுதான். வெங்காயம் வதக்காமல் தொடங்காத சமையலும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் உள்ள வீட்டில் இது எளிதல்ல. நிரந்தரமாக விலக்கவும் கூடாது, சத்துக் குறையும். உணவியலாளர் துணையோடு சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதே முறை. புதினா எண்ணெயும் இங்கேதான் வரும். புதினா எண்ணெயின் மென்தால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். அழற்சியில்லாத குடல் எரிச்சல் நோயில் அதற்கு நல்ல சான்று உண்டு. அந்தச் சான்றை அழற்சி நோயின் கனலும் புண்ணுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

தேயிலை மலையில் தேயிலையைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. ரசல் என்பவர் 1929இல் தொடங்கிய போ தோட்டம் முதல் இந்த மலையின் சரிவுகளை நிறைத்திருக்கும் செடி ஒன்றே. கொழுந்தைப் பறித்து வாட்டி, உருட்டி, காற்றோடு சேரவிட்டால் அதன் கேட்டெச்சின்கள் மாறித் தியாஃபிளேவின்களாகிச் சிவந்த சாயம் ஏறும். அந்த மாற்றம் நடக்குமுன் சூட்டில் நிறுத்தினால் பச்சைத் தேயிலை. அதில் மிஞ்சியிருக்கும் இஜிசிஜி என்ற கேட்டெச்சினை 2013இல் அமெரிக்காவில் 19 கோலைட்டிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மருந்து உண்ட 15 பேரில் 10 பேர் தேறினார்கள். ஒப்பீட்டுக்கு இருந்த நால்வரில் ஒருவரும் தேறவில்லை. நால்வரோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த ஆய்வின் அளவு நாளுக்கு 400 முதல் 800 மில்லிகிராம். 800ஐத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீருக்கு அந்தப் பயம் வேண்டாம், சாரமாக்கிய மாத்திரைக்கு வேண்டும். சிவந்த தேநீரோ வலிமருந்து அல்ல. கழியும் நாட்களில் அதன் கஃபீன் குடலை இன்னும் முடுக்கும்.

வலியை மட்டும் குறி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் செடிகளே சாட்சி. உலகில் வலியைத் தணிப்பதில் முதலிடம் பெற்ற செடி அபின் கொடுக்கும் கசகசாச் செடி. அதிலிருந்து வரும் மார்ஃபீன், கோடீன் வகைகளைக் கடுமையான கோலைட்டிஸில் கொடுத்தால் பெருங்குடல் அசைவற்று ஊதி உயிருக்கே உலை வைக்கலாம். மலேசியாவில் சட்டவிரோதமான கஞ்சாவை இஸ்ரேலில் 2013இல் 21 குரோன் நோயாளிகளிடம் சோதித்தபோது நோயாளிகள் நன்றாக உணர்ந்தார்கள். அழற்சியைக் காட்டும் ரத்த அளவு மாறவில்லை. வலி போய்ப் புண் இருந்தால், புண் சத்தமில்லாமல் ஆழப்படும். வலி அடங்குவதை மட்டும் வெற்றியாகக் கொண்டாடும் எந்த மூலிகையிடமும் இந்த அச்சம் நமக்கு இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் எதிராக இரண்டு வாதங்கள் உண்டு, இரண்டும் மதிப்புக்குரியவை. சித்த மருத்துவம் முழு உடலையும் பார்க்கிறது, ஒரு சத்தைப் பிரித்து மாத்திரையாக்கிச் சோதிப்பது அதற்கு நியாயம் செய்யாது என்பது முதலாவது. ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மரபு வலியை ஒன்றாகப் பார்க்கவே இல்லை. யூகி வைத்திய சிந்தாமணி என்ற சித்த நூல், வயிற்று நோயான குன்மத்தையே எட்டாகப் பிரிக்கிறது. மருந்துக்கு அளவும் அனுபானமும் பத்தியமும் குறித்த பிறகே கொடுக்கச் சொல்கிறது. நாடி பார்க்காமல், வகை பிரிக்காமல், கைப்பேசியில் பார்த்த புட்டியை வாங்கிக் குடிப்பது ஆங்கில மருத்துவத்துக்கு எவ்வளவு விரோதமோ அவ்வளவு சித்தத்துக்கும் விரோதம். இரண்டாவது வாதம், ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் செய்யும் தீங்கு. அதுவும் உண்மை, ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும், சர்க்கரையை ஏற்றும். ஆனால் அதிலிருந்து தப்பிக்க நாடும் மருந்திலேயே அது ஒளிந்திருக்கலாம். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, பாரம்பரிய மருந்தென்று விற்ற பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பலமுறை அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட தூளை உண்டவருக்கு வயிற்று வலி அதிசயம்போல நிற்கும். நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். பாஸ்டனில் 2004இல் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் இருந்தன. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் சேர்த்ததை 2019இல் கண்டுபிடித்தார்கள். ஈய நஞ்சின் முதல் அடையாளங்களில் ஒன்று முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலி என்பதை நினைத்தால், எந்த மஞ்சளை வாங்குகிறோம் என்பதும் மருத்துவக் கேள்விதான். புட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த மூலிகை ஆய்வில் வலியைத் தனி வினாவாகக் கேளுங்கள்; புண் ஆறியவரையும் ஆறாதவரையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். நோய் அதிகமுள்ள இந்தியரைப் போதிய எண்ணிக்கையில் சேருங்கள். வாசகரிடம் வேறு வேண்டுகோள். மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் கழிச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, நான்கு வாரம் தாண்டிய வயிற்று வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் என்றோ சூடு என்றோ பெயர் வைத்து ஓமத்தையும் மஞ்சளையும் முதலில் தேடாதீர்கள். அது அமீபாவாக இருக்கலாம், குடல் காசநோயாக இருக்கலாம், அழற்சி நோயாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு, ஒன்றின் மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். நோய் உறுதியான பிறகு இசப்கோலோ குர்குமினோ வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லி, கொடுத்த மருந்தை நிறுத்தாமல், அதோடு சேர்த்து உண்ணுங்கள். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட்.